காடைக்கும் நம்மீது பாத்தியதை உண்டா?

சென்ற மாதம் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில், அஜண்டாவின் கடைசியில் இருந்த சிறியதொரு விஷயம் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. உட்லண்ட்ஸ் வட்டாரத்து வாலிபர் இருவர் ஒரு கோரிக்கையைக் கொண்டுவந்திருந்தனர். பழைய ரயில் பாதையை ஒட்டிய புல்வெளிகளில் தரையில் கூடுகட்டும் பறவைகளைக் கணக்கெடுக்கவும், புல் வெட்டும் காலத்தைக் குறித்து உரியவர்களுக்கு எழுதவும் தொண்டர்கள் தேவைப்படுகிறார்களாம். சங்கத்தின் வாலிபர் பிரிவிலிருந்து ஞாயிறுதோறும் பத்துப் பேரை அனுப்ப அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். உடனே மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. காடையை எண்ணுவதற்கு ஆளா?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை, அதற்கு வேறு காரணம் உண்டு, பின்னர் சொல்லுகிறோம். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. இதைப் பற்றி நாலு வரி எழுதும்படி நம்மிடம் சொன்னார்கள். நாலு வரியில் அடங்கவில்லை.

முதலில் இந்தப் பறவைகள் யாவை என்பதைச் சொல்லிவிடுவோம். நமது முன்னோர் தென்காசி, கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் காடையையும் கவுதாரியையும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்திராது. கவுதாரி இங்கே இல்லை. ஆனால் காடை உண்டு. ஆணின் மார்பில் நீலம் படர்ந்த மிகச் சிறிய காடை ஒன்று லாலாங் புல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. அதைக் கண்டவர் சிலரே. காடையைப் போன்றே தோற்றமளித்து, காடைக் குலத்தைச் சேராத இன்னொன்றும் உண்டு. அதற்குக் காலில் பின்விரல் இல்லை, முன்விரல் மூன்றுதான். அதன் குடும்ப வழக்கம் விசித்திரமானது. பெட்டைதான் உருவில் பெரியது, நிறத்திலும் எடுப்பானது. குரல் கொடுத்து இணையை அழைப்பதும் அதுவே. முட்டையிட்டுவிட்டு அது வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. இவை தவிர, நம் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் இத்தீவில் இன்றுவரை வாழ்கிறது. சாம்பல் நிறக் கால்களையும் காதருகே உள்ள வெள்ளைத் திட்டையும் கொண்டு அதை அடையாளம் காண்பார்கள்.

இவற்றுள் காடைக்கும் அந்த மூன்று விரல் பறவைக்கும் மரம் தேவையில்லை. புல் வேண்டும். அதுவும் முழங்கால் உயரப் புல். நமது ஊரின் பெயரிலேயே மரக்காடு இருக்கிறது. புல்வெளிக்கோ பெயர்கூட இல்லை, "காலி நிலம்" என்றுதான் சொல்லுகிறோம். காலி என்று யார் பார்த்துச் சொன்னது என்பதை நாம் கேட்பதில்லை.

இனி, நாம் சிரிக்காத காரணம்.

சில வருஷங்களுக்கு முன்பு, நமது புளோக்கிற்குப் பின்புறம் இருந்த புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பாம்பு வரும், டெங்கிக் கொசு பெருகும், பிள்ளைகள் விளையாட முடியாது என்று குடியிருப்போர் பேசிக்கொண்டனர். ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்று ஒரு மனு தயாராயிற்று. அதை எழுதியவர்கள் நாமே. நாற்பத்தொரு கையெழுத்து. இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அன்று அஸர் தொழுகை முடித்து வந்துகொண்டிருந்தோம். தோளில் புல்வெட்டும் இயந்திரத்தை மாட்டியிருந்த ஒரு தம்பி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. நம்மைக் கண்டதும், "பாய், இங்க வந்து பாருங்க. காடை மாதிரி இருக்கு. நாலு முட்டை" என்றார். புல்லை இழுத்து வளைத்து, கூரைபோல் மூடி, உள்ளே சின்னக் குழி. "சுத்தி ஒரு பாய் அகலத்துக்கு விட்டுட்டு வெட்டட்டா?" என்று கேட்டார். நமக்கு அதிகாரம் ஏதும் இல்லை. ஆனால் அவர் நம்மிடம் அதிகாரத்தைக் கேட்கவில்லை. வயதில் மூத்தவர், ஊர்க்காரர், ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றார். நாமோ, "சூப்பர்வைசரைக் கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு லிப்டுக்கு நடந்தோம். மறுநாள் காலையில் அந்த இடம் முழுவதும் ஒரே மட்டமாக இருந்தது.

கூட்டத்தில் அந்த வாலிபர்கள் மூன்று விரல் பறவையின் கூட்டை வருணித்தபோதுதான், நாம் பார்த்தது என்ன என்பது நமக்கு விளங்கிற்று.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் பிரயாணம் ஒன்றில், தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துச் சுற்றியதையும், குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி அவர்கள் கட்டளையிட்டதையும் நாம் மதறசாப் பருவத்திலிருந்து அறிவோம். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியும் இருக்கிறோம். அறிந்த விஷயம் வேளை வந்தபோது கைகொடுக்கவில்லை.

இங்கே ஒரு சமாதானம் சொல்லலாம். நாமும் நமக்கே சொல்லிக்கொண்டோம். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன. நமது நிய்யத்துப் பிள்ளைகளின் பாதுகாப்பு. பறவைக்குத் தீங்கிழைக்க வேண்டுமென்று ஒருவரும் எண்ணவில்லை. ஆகவே குற்றமில்லை. இச்சமாதானம் நிற்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் புல்வெளிப் பறவைகளைக் காப்பதில் முன்னணியில் நிற்பவர்கள் யார் தெரியுமா? அவற்றைச் சுட்டு உண்பவர்கள்! 1937-ல் அந்நாட்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, நீள்துப்பாக்கியின்மீதும் தோட்டாவின்மீதும் வசூலாகும் 11 விழுக்காடு வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்குப் போகிறது. 1982-ல் மினசோட்டா மாநிலத்தில் வேட்டைப் பிரியர்கள் ஒன்றுகூடிச் சீனக் காட்டுக்கோழிக்கென்று ஒரு சங்கம் அமைத்தனர்; 2005-ல் காடைக்கென்று அதன் கிளையும் தோன்றிற்று. ஊர்தோறும் கிளைகள், விருந்து வைத்துப் பணம் சேர்க்கிறார்கள், விடுமுறை நாளில் புல்விதை தூவுகிறார்கள். அந்தச் சீனக் கோழியோ அந்நாட்டுப் பறவைகூட அன்று. 1880-களில் ஷாங்காயிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டது. அதைச் சுடுவதற்காகக் காத்த புல்லில், யாரும் சுட நினைக்காத நூறுவகைச் சிட்டுகளும் பூச்சிகளும் பிழைத்துக்கொண்டன.

நமது கொங்கு நாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கிளுவை முள்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். குடியானவர் அதைக் காப்பது காங்கேயம் மாட்டுக்காக. கவுதாரியை அவர் நினைப்பதேயில்லை. கவுதாரி வேலியோரத்தில் குடும்பம் நடத்துகிறது.

ஆகவே, எண்ணம் வேறாக இருந்தும் பறவைக்கு நன்மை கிட்டுகிறது. எண்ணம் நல்லதாக இருந்தும் நாலு முட்டைகள் அழிகின்றன. இதிலிருந்து நமக்குத் தோன்றுவது யாதெனில், இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. அவற்றை நாம் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறோம். செய்தவனுக்குரிய கூலி ஒரு கணக்கு. அது எண்ணத்தைப் பொறுத்தது, அதை அல்லாஹ்வே அறிவான். மற்றொரு ஜீவனுக்குரிய ஹக்கு வேறு கணக்கு. ஒருவருக்கு நாம் பத்து வெள்ளி கடன்பட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருப்பித் தரவேண்டும் என்ற நல்லெண்ணம் நிறைய இருக்கிறது. கடன் தீர்ந்துவிட்டதா? வேட்டைக்காரனுக்குக் கூலி என்ன என்று நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. உண்பதற்கான வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது, இஹ்ராம் நிலையில் தடுக்கப்பட்டது, வீண் விளையாட்டுக்காகக் கொல்வது கண்டிக்கப்பட்டது, அம்மட்டில் நிறுத்திக்கொள்வோம். ஆனால் பறவையின் கணக்கில் அவன் ஏதோ செலுத்தியிருக்கிறான். நாம் செலுத்தவில்லை.

செலுத்தத் தேவைப்பட்டது எண்ணமன்று, அறிவு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் பெருகுவது. புல்லை ஒட்ட வெட்டியதால் அது குறைந்திருக்க நியாயமில்லை. மனு எழுதுமுன் இதைக் கேட்டறிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மற்றொன்று: புல்லை வெட்டவே கூடாது என்று அந்த வாலிபர்களும் சொல்லவில்லை. மழை ஓயாத இந்நாட்டில் வெட்டாமல் விட்டால் சில வருஷங்களில் செடி கொடி மூடி, பிறகு மரம் எழுந்து, புல்வெளி மறைந்துவிடும். காடைக்கு அதுவும் நஷ்டமே. எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் விட்டு வெட்டுவது என்பதே விஷயம். அந்தப் புல்வெட்டும் தம்பி கேட்டதும் அதைத்தான்.

ரயில் பாதையின் கதையும் இதற்குப் பொருந்தும். மலாயா ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளத்தின் இருபுறமும் புல்லை வெட்டிவந்தார்கள். ரயிலுக்காகச் செய்த காரியம். தீவின் குறுக்கே 24 கிலோமீட்டருக்குப் பசும்பாதை ஒன்று அதனால் நிலைத்தது. 2010 அக்டோபரில் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார், ரயில் நின்றபின் அந்நிலத்தைத் துண்டுபோடாமல் விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தனர். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போயிற்று. பாதை தப்பியது. இதே சங்கத்தார்தாம் 1986-ல் சுங்கை பூலோவுக்காக எழுதியவர்கள். 2008-ல் கிராஞ்சிச் சதுப்பு நிலத்தைத் தத்தெடுத்தவர்கள். அச்சதுப்பு 2016-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பெரும்பாலும் சம்பளமில்லாத ஊழியம்; ஞாயிற்றுக்கிழமை ஊழியம். 2021 பிப்ரவரியில் கிராஞ்சியில் ரயில் பாதையை ஒட்டிய காடு ஒன்றின் ஒரு பகுதி, உயிரின ஆய்வு முடியுமுன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது தெரியவந்தபோது நாடே வருந்திற்று. மரம் விழுந்தால் படம் பிடிக்க முடிகிறது. புல் வெட்டப்பட்டால் துப்புரவு என்கிறோம்.

சரி, மூத்த அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வியன்று. ஏழைப் பிள்ளையின் பாடமா, காடையா என்றால் நாமும் பாடத்தின் பக்கமே நிற்போம். நிலமோ குறைவு. நாம் குடியிருக்கும் வீடுகளே இப்படிப்பட்ட நிலத்தின்மீது எழுந்தவைதாம்; அவற்றைக் காலி செய்துவிட்டுக் காடைக்குக் கொடுக்க நாம் தயாரில்லை. தேக்காவில் மாட்டு வியாபாரம் நடந்த காலத்தில் அங்கே எருமைக்குப் புல்லும் தண்ணீரும் இருந்தன. இன்று பஃபலோ ரோடு என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. அதற்காக நாம் அழப்போவதில்லை.

ஆனால் கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பொதுவுக்கென்று ஒதுக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு ஹிமா என்று பெயர். நகீஃ என்னும் இடத்தை நபியவர்களே அவ்வாறு ஒதுக்கியிருந்தார்கள். உமர் (ரலி) தம் காலத்து ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக நியமித்தபோது, சில ஒட்டகம் சில ஆடு மட்டுமே உடையவனை உள்ளே விடும்படியும், உதுமான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற செல்வந்தரின் மந்தைகளைத் தடுக்கும்படியும் சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள். செல்வந்தரின் கால்நடை மாண்டால் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. எளியவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அது கால்நடைக்காகச் செய்த ஏற்பாடு, காட்டுப் பறவைக்காக அன்று என்பதை நாம் அறிவோம். எனினும் அந்த அளவுகோல் நம் கைக்கு வருகிறது: வேறு போக்கிடம் யாருக்கு இல்லை? பிள்ளைகள் பந்து விளையாட நமது புளோக்கைச் சுற்றி மூன்று திடல்கள் உண்டு. அந்தப் பறவைக்கு அந்த ஒரு துண்டுப் புல்தான் இருந்தது.

பாடம் சொல்லித்தரும் ஆட்களைப் பிடுங்கிக் காடைக்கு அனுப்ப வேண்டாம் என்று மூத்தவரிடம் நேரில் சொன்னோம். அந்தப் பத்து வாலிபரில் எத்தனை பேர் இதுவரை பாட வகுப்புக்கு வந்தவர்கள் என்று பதிவேட்டைப் புரட்டினோம். இருவர். அவ்விருவரும் சனிக்கிழமை வகுப்பைத் தொடர்வார்கள். மற்ற எண்மரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரை உறங்குகிறவர்கள் என்பது அவர்களுடைய தாய்மார் கொடுத்த சாட்சியம். மூத்தவர் பதில் சொல்லாமல் பதிவேட்டை மூடிவைத்தார்.

அந்தத் தம்பியைத் தேடினோம். அவர் நமது வட்டாரத்தில் இப்போது வேலை செய்யவில்லை என்றார்கள். புதிதாக ஒரு மனு எழுதியிருக்கிறோம். பின்புறத்துப் புல்லை ஒரே நாளில் முழுவதும் வெட்டாமல் பாதி பாதியாக வெட்டவேண்டும், வெட்டுமுன் ஒருவர் நடந்து பார்க்கவேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். பழைய மனுவில் கையெழுத்திட்ட நாற்பத்தொருவரிடமும் போய்க்கொண்டிருக்கிறோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை ஒன்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.