இளைப்பாறிய பின் எதில் இன்பம்?

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு அரச ஊழியர் இளைப்பாறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு முடியும்போதே அது மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. இன்னும் சில ஆண்டுகளுக்கு உத்தியோகம் உண்டென்று எண்ணியிருந்த ஆயிரக்கணக்கானோர் டிசம்பர் 31ஆம் திகதியுடன் வீடு திரும்பினர். ஓய்வூதியத்துக்கு விதியுண்டு, ஆனால், நாளைக் காலை எட்டு மணிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு எந்தச் சுற்றுநிருபத்திலும் விடையில்லை.

வாசகரே, இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. முப்பது ஆண்டுகளாகத் தபாலதிபர் என்றும் தலைமையாசிரியர் என்றும் அழைக்கப்பட்டவர், அப்பெயர் கழன்றபின் தாம் யார் என்று தம்மையே கேட்கும் கேள்வி. விடை காணாத சிலர் வீட்டையே கந்தோராக்கி மனைவி மக்களை அதிகாரம் செய்கின்றனர். வேறு சிலர் ஊர்ச் சங்கங்களின் தலைமைப் பதவிகளைப் பற்றிக்கொண்டு இளைஞருக்கு வழிவிட மறுக்கின்றனர்.

“மனதுக்குப் பிடித்த வேலை கிடைத்தால் செய்வேன்” என்று பலர் கூறுகின்றனர். உழைத்துக் களைத்தவர் இன்பத்தை நாடுவதில் குற்றமில்லை. ஆனால், இன்பத்தை முன்னரும் வேலையைப் பின்னரும் தேடுவதிலேதான் பிழை நேருகின்றது. இன்பம் தனியே எடுத்து வைக்கத்தக்க பொருளன்று. நன்றாகச் செய்யப்படும் செயலோடு சேர்ந்து வந்து அதை நிறைவாக்குவது என்பது கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் கண்ட உண்மை. எனவே, எது எனக்கு இன்பம் தரும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேயிருப்பார். எதை நான் நன்றாகச் செய்யவல்லேன், அது யாருக்குத் தேவை என்று கேட்பவரையே இன்பம் தேடிவரும்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்து 1882இல் இளைப்பாறிய அவர், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். சட்டத்துறையிலும் அவர் தொழில் பார்த்தார். எனினும் தமிழுலகம் அவரை நினைப்பது செல்லரித்த ஏடுகளோடு அவர் பட்ட பாட்டுக்காகவே. இன்னொன்றையும் கவனியுங்கள். உத்தியோகத்தில் இருந்தபோதே, 1868இல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை அவர் பதிப்பித்திருந்தார். இளைப்பாறிய பின் அறுத்தது, முன்னரே விதைத்ததன்றோ!

எல்லோரும் ஏடு பதிப்பிக்க வேண்டியதில்லை. கணித ஆசிரியராயிருந்தவர் காசு வாங்காமல் நாலு பிள்ளைகளுக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கச்சேரியில் இருந்தவர், படிவம் நிரப்பத் தெரியாத ஏழைக்கு உதவலாம். காணியுள்ளவர் கத்தரியும் மிளகாயும் நடலாம். இவற்றில் பட்டமில்லை, கையொப்ப இடாப்பு இல்லை. ஆனால், விரும்பினால் மட்டும் செய்யும் வேலை என்ற சுதந்திரம் உண்டு. இன்பத்தின் வேர் அதுவே.

அந்தச் சுதந்திரத்தைப் பறிப்போரும் உளர். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் பெரும் மகிழ்ச்சி. எனினும், “சும்மாதானே இருக்கிறீர்கள்” என்று கேளாமலே சுமத்தினால், பெற்றோரைச் சம்பளமில்லாத வேலைக்காரராக்குகிறோம். இளைப்பாறிய ஆசிரியை பலருக்குப் பள்ளிக்கூடம் விடுதலை தந்தது; அடுப்படி தரவில்லை. அவருக்குப் பிடித்த வேலை எதுவென்று அவ்வீட்டில் எவரேனும் கேட்டதுண்டா?

இன்னும் உத்தியோகத்தில் உள்ள வாசகர்களுக்கு இறுதியாக ஒரு சொல். தனியார் துறையில் வேலை பார்ப்போரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கென மாதந்தோறும் கழிக்கப்படுகின்றது. முதுமையில் வயிறு வாடாதிருக்க அந்த ஏற்பாடு. முதுமையில் மனம் வாடாதிருக்க, கிழமையில் எத்தனை மணித்தியாலத்தை நாம் எடுத்து வைக்கிறோம்? இதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. நாமே இன்று தொடங்க வேண்டும்.