திரைக்கு முன்னால்

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இறங்கித் தவுலகல வீதியில் போனால் முதலில் கடலாதெனிய விகாரை. 1344இல் பாறைமேல் எழுந்த கற்றளி. கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. புத்தரின் சிலைமனைக்கு அருகே விஷ்ணுவுக்கும் ஒரு சன்னிதி. அதே ஆண்டின் லங்காதிலக விகாரையில் கணபதியும் கந்தனும் விபீடணனும் இருக்கிறார்கள். இன்னும் தள்ளி எம்பெக்க, கதிர்காமக் கடவுளின் தேவாலயம். பரீட்சை, பிள்ளைப்பேறு, வழக்கு, வெளிநாட்டுப் பயணம்: பழத்தட்டு ஏந்தி வருகிறவர்களின் மொழி வேறாகலாம், கவலை ஒன்றுதான்.

*

கேட்பது குற்றமா? சைவம் அப்படிச் சொல்லவில்லை. கேட்க வந்தவரையும் மெல்ல நடத்திப்போக சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி வைத்தது. கோயிலைக் கூட்டுவதும் பூத்தொடுப்பதும் முதற்படி. தனக்குச் சொந்தமில்லாத முற்றத்தைக் கூலியில்லாமல் கூட்டுகிறபோது 'எனது' என்ற பிடி கொஞ்சம் தளர்கிறது.

*

கதிர்காமத்தில் மூலவரைக் காண முடியாது. முருகனையும் தேவியர் இருவரையும் தீட்டிய திரைதான் தெரியும். பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பூசை செய்வார். சிதம்பரத்தில் திரையை விலக்குவார்கள். அங்கே தெரிவது வெறும் வெளியும் பொன் வில்வமாலையும்.

*

இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. படைத்து, காத்து, அழித்து, அருள்கிறவன் ஏன் மறைக்க வேண்டும்? உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவப்படட்டும் என்றுதான். அதனால் மறைப்பும் அருளே என்கிறது சைவ சித்தாந்தம். ஆணவம் அழிந்தே போவதில்லை, அதன் வலிமை மட்டும் அடங்கும் என்பதும் சித்தாந்தத்தின் கொள்கை. முத்தியிலும் அடங்கிக் கிடப்பதுதான் அதற்கு விதி என்றால், 'என் ஆணவம் போய்விட்டது' என்று எவரும் மார்தட்ட வழியில்லை.

*

எம்பெக்கவின் மர மண்டபத்தில் 26 கைமரங்கள் வந்து ஒரே மர ஆணியில் கோத்து நிற்கின்றன. விரதம், காவடி, தேவாரம், அன்னதானம் எல்லாம் அப்படித்தான் 'நான் அடங்க வேண்டும்' என்ற ஒன்றில் வந்து சேர வேண்டும். அது இல்லாவிட்டால் விரதமும் பெருமையாகிவிடும்; அன்னதானத்தில் உபயகாரரின் பெயர்தான் சோற்றைவிடப் பெரிதாகத் தெரியும்.

*

வழிபாடு பலித்ததா என்று வீட்டாரிடம் கேட்கலாம். கோபம் குறைந்திருக்கிறதா, பிறர் பசி கண்ணில் படுகிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், கேட்க நினைத்ததைக் கேளுங்கள். அதன் பிறகு ஒன்றும் கேட்காமலும் சற்று நில்லுங்கள். சமயம் நம்மை அழைத்துப்போக நினைப்பது அந்த இரண்டாவது நிலைக்குத்தான்.