உண்பது ஒன்று, விற்பது ஒன்று

உணவைப் பற்றி நம் முன்னோர் எண்ணிப் பாராத கூறே இல்லை என்று நாம் பெருமை பேசுவதுண்டு. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், அங்கே பச்சிலையும் சூரணமும் காணோம். முன் உண்டது செரித்ததை உணர்ந்து, பசியின் அளவறிந்து உண்பதே பெரிதும் பேசப்படுகிறது. எவ்வளவு உண்பது, எப்போது உண்பது என்று ஆராய்ந்த வள்ளுவர், இது எவ்வாறு விளைந்தது என்று கேட்டாரில்லை. கேட்க வேண்டிய தேவை அவர் காலத்தில் எழவில்லை. இன்றோ நம் ஊர்ப்புறங்களில் மருந்து என்னும் சொல்லின் பொருளே திரிந்துவிட்டது. 'வயலுக்கு மருந்து அடித்தாயிற்றா?' என்றால் அது பூச்சிக்கொல்லி. 'அவன் மருந்தைக் குடித்துவிட்டான்' என்றால் அது சாவுச் செய்தி. நஞ்சை மருந்தென்று அழைக்கப் பழகிவிட்ட நாம், நம் இலையில் விழும் சோற்றைப் பற்றி எந்த அளவுக்குக் கவலைப்படுவது நியாயம்? அக்கவலையில் யார் யாருக்குப் பங்கு உண்டு? வரவுக்கும் செலவுக்கும் இடையே வாழும் குடும்பங்களுக்கு இஃது ஏட்டுக் கேள்வி அன்று. மாதம் பிறந்தால் மளிகைக் கணக்கோடு எதிரே வந்து நிற்கும் கேள்வி.

தலைநகரில் அரசுக் குடியிருப்பில் வாழும் எழுத்தர் குடும்பம் எங்களுடையது. பேறுகாலத்திற்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் முன்பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியே கை பழகியவர்கள். ஞாயிறுதோறும் தென் தில்லியில் கூடும் இயற்கை விளைபொருட் சந்தைக்கு ஒருமுறை குடும்பத்தோடு போனோம். துவரம் பருப்பு வழக்கமான விலையைப் போல் ஒன்றரை மடங்கு. கீரையும் தக்காளியும் இரு மடங்கு. எங்கள் இல்லத்தரசி ஒரு பசலைக் கீரைக் கட்டைக் கையிலெடுத்து, விலையைக் கேட்டு, ஈரம் உதறி, எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டு நகர்ந்தார். அன்றிரவு வீட்டுக் கணக்கு நோட்டை விரித்துப் பார்த்தோம். உணவுக்கு மாதம் 11,000 ரூபாய் செலவாகும் வீட்டில், எல்லாவற்றையும் இயற்கை வழியில் விளைந்ததாகவே வாங்கினால் 19,000 ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. மேற்கொண்டு வேண்டிய எட்டாயிரமும் பெரியவளின் பயிற்சி வகுப்பிலிருந்து வரவேண்டும். அல்லது ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்பும் தொகையிலிருந்து வரவேண்டும். நோட்டை மூடிவிட்டோம்.

அலுவலக வாழ்வில் ஊறியவர்களாதலால் இவ்விடத்தில் எங்களுக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கையில் குறைந்தபட்ச ஊதியம் 18,000 ரூபாய் என்று கண்டது எவ்வாறு? 1957ஆம் ஆண்டு கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் நெறியையும், டாக்டர் அய்க்ராய்டு வகுத்த உணவளவையும் கொண்டு கண்டது. குடும்பம் மூன்று அலகு. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு அரிசியோ கோதுமையோ 475 கிராம், பருப்பு 80 கிராம், பால் 200 மில்லிலிட்டர் என்று அப்பட்டியல் போகிறது. நம் ஊதியத்தின் அடியில் இத்தனை கிராம் சோறு இருக்கிறது என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. அந்த அய்க்ராய்டு நம் நீலகிரியில், குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவராக 1935 முதல் பணியாற்றியவர். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் மக்காரிசன். இவர் கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலாளராக இருந்த விசுவநாத்துடன் சேர்ந்து, தொழுவுரமிட்டு விளைந்த தானியமும் இரசாயன உரமிட்டு விளைந்த தானியமும் ஊட்டத்தில் ஒன்றுதானா என்று ஆராய்ந்து, தொழுவுரத் தானியமே மேல் என்று 1926இல் எழுதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் எல்லாரும் அம்முடிவை ஒருமித்து ஏற்றனர் என்று சொல்ல இயலாது. எனினும் கேள்வி கேட்கப்பட்டது. ஒரே கூடத்தில் ஒருவர் உணவின் இயல்பைக் கேட்டார், மற்றவர் எடையைக் கணித்தார். எடை மட்டும் அரசாங்கக் கணக்கில் இடம்பெற்றது. இயல்பு வெளியே நின்றுவிட்டது. 1958இல் அந்தக் கூடம் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் வாங்க இயலாது என்றான பின், எதை முதலில் வாங்குவது என்பதில் எங்கள் இல்லத்தரசியார் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். கத்தரி, வெண்டை, காலிபிளவர், மிளகாய் ஆகியவற்றுக்கே மருந்து மிகுதியாக அடிக்கப்படுகிறது. தேங்காய், வெங்காயம், சேனை, வாழைப்பழம் முதலியவற்றில் தோலோ ஓடோ நீங்குவதால் அச்சம் குறைவு. ஆகவே முன்னவற்றைக் குறைத்துப் பின்னவற்றைக் கூட்டினார். கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடியின் சாற்றோடு கலந்துவிட்டது எத்தனை நீரிலும் போகாது. பருவத்தில் மலியும் காய்க்குப் பருவமல்லாத காலத்துக் காயைவிட விலையும் குறைவு, மருந்தும் பெரும்பாலும் குறைவு. பின்கட்டுப் பால்கனியில் உடைந்த வாளி நான்கில் வெந்தயக் கீரை முளைத்தது. கம்பும் கேழ்வரகும் வாரம் மூன்று நாள் வந்தன. இச்சிறுதானியங்கள் பெரும்பாலும் மானாவாரிப் புன்செய்யில் விளைபவை. மருந்து வாங்கும் வசதி அவ்வுழவரிடம் இல்லாமையால் அவை தூயவை. ஏழ்மையால் தூய்மை பெற்ற அத்தானியத்திற்கும், 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று உலகம் கொண்டாடிய பிறகு, பளபளக்கும் உறைபோட்டு விலையேற்றி விற்கக் கற்றுக்கொண்டார்கள்!

இவ்வளவில் எங்கள் மனம் அமைதியுற்றிருக்க வேண்டும். அமைதியைக் கெடுத்தது எங்களுக்குள்ளே முளைவிட்ட ஒரு செருக்கு. பள்ளியில் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது 'எங்கள் வீட்டில் ஆர்கானிக் அரிசி' என்று இளைய மகன் சொல்லத் தொடங்கினான். பக்கத்துப் பிள்ளை தன் பெட்டியை மூடிக்கொண்டானாம். அதைக் கேட்டபோது, எங்கள் பாட்டிமார் காலத்து மடியும் தீட்டும் வேறு வேடம் பூண்டு திரும்பி வந்துவிட்டனவோ என்று தோன்றியது. மணிமேகலையின் அமுதசுரபி கையேந்தி வந்தார் அனைவருக்கும் ஒரே சோற்றை இட்டது. பணத்தால் தூய்மையை வாங்கலாம் என்றான பிறகு, வாங்க இயலாத தாய் தன் பிள்ளைக்கு அறிந்தே நஞ்சூட்டுகிறாள் என்ற பழியும் கூடவே விற்கப்படுகிறது. இப்பழியை நாம் ஒருபோதும் ஒப்புதல் கூடாது. ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கி, களைந்து, வடித்து, வேளை தவறாமல் இடுகிறவளின் அறம் எந்த முத்திரையிட்ட உறைக்கும் குறைந்ததன்று.

அந்த ஆர்கானிக் அரிசி நாங்கள் விலை கொடுத்து வாங்கியதன்று. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் தம்பி ஒன்பது மா நிலத்தில் நெல் பயிரிடுகிறார். வீட்டை ஒட்டிய ஒரு மாவில் மட்டும் கிச்சிலிச் சம்பா; அதற்குச் சாணமும் தழையும் தவிர வேறு இல்லை; மருந்து அறவே இல்லை. ஆண்டுதோறும் அதிலிருந்து ஐம்பது கிலோ அரிசி எங்களுக்கு வந்துவிடும். விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் செல்லும் ஆண்டு நாங்களே கொணர்வோம். பிற ஆண்டுகளில் தில்லி வரும் உறவினர் யாராவது கொணர்வர். காய்ச்சல் கண்ட நாளிலும் பண்டிகை நாளிலும் அந்த அரிசிதான் உலையேறும். பதினோர் ஆண்டுகள் இவ்வாறு உண்டோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அப்பா, சித்தப்பா மற்ற எட்டு மாவில் விளைவதை யார் சாப்பிடுகிறார்கள்?"

உடனே விடை கூற எங்களால் இயலவில்லை. விடை தெரியாமையால் அன்று, தெரிந்திருந்தமையால்.

அந்த நெல் அரசின் கொள்முதல் நிலையத்திற்குப் போகிறது. அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டு விலைகள் உண்டு. மருந்தடித்தது, அடிக்காதது என்று வேறு இரண்டு இல்லை. அங்கிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ரேஷன் கடைக்கும் போகிறது. தம்பியின் வயலில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடிப்பவர் கீழத்தெருவைச் சேர்ந்த கூலியாள். வாயைச் சுற்றி ஒரு துண்டு. அவ்வளவே அவருக்குக் காப்பு. மாலையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே கூலியை வாங்கிப் போவார். மாதம் பிறந்தால் அவர் வீட்டுக்கும் ரேஷன் அரிசிதான். காற்றில் ஒருமுறையும் சோற்றில் ஒருமுறையுமாக அவர் அதை இருமுறை ஏற்கிறார். 2017ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அவர்கள் பருத்தியை உண்ணவில்லை. நஞ்சை மூச்சில் இழுத்தார்கள், தோலில் ஏற்றார்கள். காய் வாங்கும்போது நம் குடலைப் பற்றியே அஞ்சும் நமக்கு, நம்மினும் முந்தி அதன் எதிரில் நிற்பவன் ஒருவன் உண்டென்பது தோன்றுவதே இல்லை.

அடுத்த முறை ஊர் சென்றபோது வரப்பில் நின்று தம்பியிடம் இதைப் பேசினோம். சற்றே குற்றம் சாட்டும் குரலில் பேசியிருப்போம் போலும். அவர் சினக்கவில்லை. "அந்த ஒரு மாவுல ஆறு மூட்டைதான் காணுது. இந்தப் பக்கம் மாவுக்குப் பன்னெண்டு. ரெண்டுக்கும் ஒரே விலை. நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க, அண்ணே" என்றார். போட்டோம். அவர் சொன்னதே சரியாக இருந்தது. இயற்கை வழி என்று சான்றிதழ் பெற வேண்டுமாயினும், ஆண்டுப் பயிருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் உண்டு. விளைச்சல் குறையும் அவ்வாண்டுகளில் உயர்ந்த விலையும் வாராது. அந்த இடைவெளியை யார் சுமப்பது? ஒன்பது மாவை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவரா?

உரமும் மருந்தும் வந்த கதையை இழித்துரைப்பதும் எமக்கு உடன்பாடன்று. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உலை வைத்த நாள்களை எங்கள் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வயிறு நிறைந்த பின்னரே நம்மவர் வாய் நஞ்சைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் மறுவழி இல்லை என்பதும் பொய். திருவையாற்றுப் பக்கத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் 2013இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து அதைச் சொன்னார். 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட மரபு நெல்லினங்களைத் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் தேடித் திரட்டி உழவர்க்குக் கொடுத்தார். சிக்கிம் மாநிலம் 2016 ஜனவரியில் முழுவதும் இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. தூய இஞ்சியையும் ஏலத்தையும் வெளியே விற்கும் அம்மக்கள், சமவெளியிலிருந்து லாரியில் ஏறிவரும் அரிசியை உண்கிறார்கள். எங்கள் தம்பி செய்வதற்கு அது நேர்மாறு. எனினும் உண்பது ஒன்று, விற்பது ஒன்று என்னும் பிளவு அங்கும் உண்டு.

தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது தந்தையின் கடமை; அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் அந்த அரிசியைத் தேடவில்லை. உறவின் பெயரால் இலவசமாகப் பெற்றோம். விலை கொடாமல் உண்டுவிட்டு, விலையில்லாமையால் மருந்தடிக்கும் தம்பியை வரப்பில் நிறுத்தி வினவினோம். இதுவே எங்களை உறுத்தியது. ஊர் திரும்பியதும் ஐம்பது கிலோவுக்குச் சந்தையில் இயற்கை அரிசி என்ன விலையோ அதன்படி கணக்கிட்டு 4,500 ரூபாய் அனுப்பினோம். பணம் நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டது. கூடவே தொலைபேசியும் வந்தது. "அண்ணன் வீட்டுச் சோத்துக்குக் காசு வாங்குற அளவுக்கா நான் கெட்டுப்போயிட்டேன்?" என்று கேட்டவரின் குரல் தழுதழுத்தது. தாயார்தாம் இடையே புகுந்து வழி கண்டார்: அரிசிக்கு என்று வேண்டாம், இன்னொரு மாவை மருந்தில்லாமல் விடுவதால் வரும் நட்டத்திற்கு என்று வைத்துக்கொள்ளட்டும். அதற்குத் தம்பி இசைந்தார், அரைமனத்தோடு.

இப்போது இரண்டாவது மாவும் மூன்று போகம் கண்டுவிட்டது. கடைசியாக ஏழு மூட்டை. மன்னார்குடியில் ஓர் ஆசிரியர் குடும்பமும் வேறு இரு குடும்பங்களும் அதை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டன. எஞ்சிய ஏழு மாவில் முன்போலவே தெளிப்பான் நடக்கிறது. அதைச் சுமப்பவருக்கு முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். முகமூடி புழுங்குகிறது என்று அவர் பாதி நாள் கழற்றி வைத்துவிடுகிறாராம். எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் அரிசிக்கு நேரே பதினோர் ஆண்டுகளாகத் தொகைக்கு மாறாக 'ஊர்' என்று மட்டும் எழுதியிருந்தது. சென்ற தையில் இல்லத்தரசியார் அச்சொல்லை அடித்துவிட்டு 4,500 என்று எழுதினார். அந்த மாதம் துவரம் பருப்பு ஒரு கிலோ குறைந்தது. ஏழு மாவைப் பற்றி மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.