கிண்ணமா, கையா?

கொம்பாலான கிண்ணம் ஒன்றைக் கையில் ஏந்துவோர் வியக்கின்றனர். கருமையும் வெண்மையும் கலந்த வரிகள், கண்ணாடி போன்ற வழவழப்பு! செத்த மாட்டின் கொம்பைத் தொடுவது இழிவென்று எண்ணும் சமுதாயமே, அது கிண்ணமான பின் கூடத்தில் வைத்து அழகு பார்க்கிறது.

உத்தரப் பிரதேசத்துச் சம்பலை அடுத்த சராய் தரின், எருமைக் கொம்பிலும் எலும்பிலும் பொருள் செய்வோர் வாழும் ஊர். நம் நகம் எதனால் ஆனதோ, அதே கெரட்டினால் ஆனது கொம்பு. உள்ளிருக்கும் எலும்பை நீக்கி, வாளால் அறுத்து, அனலில் காட்டினால் இளகும். இளகியதைத் தட்டையாக்கி, அச்சில் அழுத்தி ஆறவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். கரண்டி, கிண்ணம், குவளை, சீப்பு எல்லாம் இப்படிப் பிறப்பவைதாம். புளிப்புப் பட்டாலும் களிம்பேறாது. கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் மட்டும் கோணிக்கொள்ளும்.

அந்தக் கலை தளர்கிறது. மலிவான பிளாஸ்டிக் வந்தது. 2017-ல் அம்மாநிலத்தில் உரிமமற்ற இறைச்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது கொம்பு கிடைப்பதும் அரிதாயிற்று. 2018-ல் தொடங்கிய 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டத்தில் இத்தொழிலுக்கும் இடம் தந்தனர், நன்று.

ஆனால், காப்போம் என்போரை நாம் ஒன்று கேட்கிறோம். எதைக் காப்பது? கிண்ணத்தையா, அதைச் செய்யும் கையையா? அறுக்கும்போது எழும் தூசி தொழிலாளியின் நெஞ்சில் இறங்குகிறது. அவன் மகன் பள்ளிக்குப் போய் வேறு வேலை தேடினால், "ஐயோ, கலை அழிகிறதே!" என்று அங்கலாய்க்கின்றனர். வழக்கறிஞரின் மகன் மருத்துவனானால், வழக்காடும் கலை அழிந்ததென்று அழுதவர் உண்டோ?

1953-ல் சென்னை மாநிலத்தில், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் அதை எதிர்த்தது, 1954-ல் கைவிடப்பட்டது. அன்று வாயிலில் விரட்டிய ஒன்றைக் கலைப்பற்று என்னும் பெயரில் கொல்லைப்புறமாக அழைத்து வரலாகாது.

இலண்டனிலும் பழமை வாய்ந்த கொம்பு வேலையர் சங்கம் ஒன்றுண்டு. 1943-ல் அது பிளாஸ்டிக் தொழிலையே தன் இக்காலத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. பெயர் வாழ்கிறது, கொம்பறுக்கும் கைகள் அங்கும் அருகிவிட்டன. அதுவும் காத்தலாகாது என்பதே நம் எண்ணம்.

எங்கள் பள்ளியில் ஓவியம் கற்க வரும் பிள்ளையிடம், தந்தை என்ன தொழில் என்று நாம் கேட்பதில்லை. கொம்பு வேலைக்கும் அப்படியொரு பயிற்சிக்கூடம் திறக்கட்டும். தூசியை இழுக்கும் பொறி இருக்கட்டும். உழைப்புக்கேற்ற கூலி இருக்கட்டும். விரும்பிய பிள்ளை எவரும் சேரட்டும். கலை, கலை என்று மேடையில் உருகுவோரின் பிள்ளைகளும் முதல் வரிசையில் வந்து அமரட்டும்.