மஞ்சள் கடுதாசி கவர்னர்

காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, 'யாருடைய காலடி?' என்று கேட்டுப் பாருங்கள். ஆதிசங்கரர் என்பார் ஒருவர். பெருமாள் பாதம் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட்! திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றி அவர் உண்டாக்கிய காலெட்பேட்டை, நம் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்துவிட்டு லேட்டாக வருவாராம். (எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்றே என்று கணக்குப் பார்க்காதீர்கள், பக்திக் கதை.) 'இப்போது உன் சாமி என்ன செய்கிறது, சொல்' என்றாராம் துரை. வீரராகவன் கண்ணை மூடி, 'தேர் நகராமல் நிற்கிறது' என்றாராம். ஆள் அனுப்பி விசாரித்தால் நிஜம்! துரை அசந்துபோய் இங்கேயே கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது கதை.

எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் காலெட்டின் கணக்குப் புத்தகம்தான். லண்டனில் வியாபாரம் நொடித்துப்போனவர். நம் பாஷையில் மஞ்சள் கடுதாசி கேஸ். சுமத்ராவில் பென்கூலன் என்ற இடத்தில் கம்பெனியின் மிளகுக் கிடங்கை நிர்வகிக்கும் டெபுடி கவர்னர் வேலை கிடைத்து, கப்பலேறிப் போனார். அங்கே சம்பாதித்துப் பழைய கடன்காரர்களுக்கு எல்லாம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் சென்னை.

பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையரான நண்பரிடம் சொன்னேன். "முப்பது வருஷ சர்வீஸ் சார். முழுகினவன் பூராவையும் திருப்பிக் கட்டி நான் பார்த்ததே இல்ல. இந்த ஆளுக்கு சிலையே வைக்கலாம்" என்றார்.

வைக்கலாம்தான். ஆனால், பணம் எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்தில் சென்னை கவர்னருக்கே வருடச் சம்பளம் சில நூறு பவுன்தான். சொந்த வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி அனுமதித்தது. துறைமுகமும் கோட்டையும் கையில் இருக்கிறவன் வியாபாரம் பண்ணினால் எதிர்க்கடை போட யாருக்குத் துணிச்சல் வரும்? சென்னையின் முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் (1688) அமெரிக்காவில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். அவரும் கம்பெனி ஆள்தான். அவரை மேயராக்கிய கவர்னர் எலிஹு யேல், பாஸ்டனில் பிறந்தவர். ஊழல் புகாரோடு 1692-ல் பதவி போனது. காலெட் அதே நாற்காலியில் இருந்த 1718-ல், யேல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குத் துணி மூட்டைகளும் புத்தகங்களும் அனுப்பி வைத்தார். யேல் பல்கலைக்கழகம் என்று பெயர் நின்றுவிட்டது.

தானம் கொடுத்தவரைச் சந்தேகப்படுவது சுலபம். கடனை அடைத்தவரை எப்படிச் சந்தேகப்படுவது? லண்டன் கடன்காரனுக்குக் காலெட் உத்தமர். ஆனால் அவர் போய்ச் சில வருஷங்களில், 1719-ல், பென்கூலன் ஜனங்கள் திரண்டு வெள்ளைக்காரர்களைக் கோட்டையை விட்டே விரட்டினார்கள். அவர் கட்டிய மார்ல்பரோ கோட்டைதான் அது. மிளகு விளைவித்தவனுக்கு வரவேண்டிய பாக்கி எந்த நோட்டில் எழுதியிருந்ததோ!

இங்கே காலடிப்பேட்டையில் நெய்தவர்கள் கதையும் யோசிக்க வைக்கிறது. கம்பெனி வியாபாரத்தில் நெசவாளிக்கு முதலில் அட்வான்ஸ். நூல் வாங்க, அரிசி வாங்க அது செலவாகும். துணி நெய்து கொடுத்துக் கழிக்க வேண்டும். மழை கெடுத்தால், நூல் விலை ஏறினால், பாக்கி நிற்கும். கடன்பட்ட நெஞ்சம் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர் உண்டாக்கிய பேட்டையிலும் தறி ஓடியது கடனில்தான்.

நண்பரிடம் மறுபடி கேட்டேன். "திருப்பிக் கட்டறப்போ, பணம் எப்படி வந்ததுன்னு கேட்பீங்களா?"

"என் காலத்துல கேட்டதில்ல சார். ரசீது போட்டுக் கொடுத்துடுவோம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, சிலை விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.