பிலேயாமின் கோபமும் என் டிக்கெட்டும்

போன மாத உபவாச ஜெபத்தில் நான் சாட்சி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விமான நிலையத்தில் வந்த தடையைக் கர்த்தர் நீக்கினார் என்று சொன்னேன், நீங்களும் கைதட்டி ஸ்தோத்திரம் பண்ணினீர்கள். அந்தச் சாட்சியை நான் பாதியிலே நிறுத்திவிட்டேன். மணி பத்தாகிவிட்டது என்றேன். அது முழு உண்மை அல்ல. மீதியைச் சொல்ல வெட்கமாயிருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

2018-ல் என் மகள் குடும்பத்தோடு குவாம் தீவில் இருந்தாள். பேரப்பிள்ளை பிறந்து நாலு மாதமாகியும் நானும் என் மனைவியும் முகம் பார்க்கவில்லை. குவாம், பசிபிக் சமுத்திரத்திலே 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்குப் போன தீவு. அமெரிக்க மண்தான். ஆனாலும் நம்முடைய மலேசிய பாஸ்போர்ட்டுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு. 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, குவாமுக்கும் சைப்பான் முதலான வட மரியானா தீவுகளுக்கும் விசா இல்லாமலே 45 நாள்வரை போய்வரலாம். அப்போது ஐ-736 என்ற பாரத்தை நிரப்பி வைத்திருக்கவேண்டும், திரும்பி வருகிற டிக்கெட்டும் வேண்டும். இதையெல்லாம் நன்றாய் விசாரித்திருந்தேன். வீட்டிலே மூன்று தரம் விளக்கிச் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரியும் என்கிற பெருமை அங்கேயே முளைத்துவிட்டது.

கே.எல்.ஐ.ஏ. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கும். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "அங்கிள், ரெண்டு பேருக்கும் அமெரிக்க விசா எங்கே?" என்றாள்.

"குவாமுக்கு வேண்டாம்மா."

"சிஸ்டம் விசா கேக்குது அங்கிள். நான் ஏத்த முடியாது."

ஐ-736 பாரத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள். எனக்குச் சத்தம் ஏறியது. "உனக்கு வேலை தெரியலைன்னா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு" என்றேன். மூன்றாம் தரமும் முடியாது என்றாள். சபையாரே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? தடைபண்ணுகிற பிசாசே, அப்பாலே போ என்று கடிந்துகொண்டேன். மனதுக்குள்ளே அல்ல, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அந்தப் பிள்ளையின் கண் கலங்கியது. என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் கையைத் தட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்தார். டைமாட்டிக் என்று ஒன்று இருக்கிறது. எந்த பாஸ்போர்ட்டுக்கு எந்த தேசத்தில் என்ன காகிதம் வேண்டும் என்று விமானக் கம்பெனிகள் அதில்தான் பார்க்கிறார்கள். அவர் அதைத் தட்டிப் பார்த்து, "குவாமுக்கு மலேசியர்களுக்கு விசா வேண்டாம், நீங்க சொல்றது சரி" என்றார். அல்லேலூயா என்றேன். உங்களுக்கு நான் சொன்ன சாட்சி இந்த இடத்தில் முடிந்தது.

அவர் டிக்கெட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "குவாமிலேருந்து ஹோனலூலு போறீங்களே?"

போவதாகத்தான் இருந்தது. என் சித்தப்பா மகன் அங்கே இருக்கிறான். மூன்று ராத்திரி தங்கிவிட்டு, டோக்கியோ வழியாய் வீடு திரும்புவதாய்த் திட்டம். குவாமும் அமெரிக்கா, ஹவாயும் அமெரிக்கா, ஒரே அனுமதி போதும் என்று நினைத்தேன். நமக்குத் தெரிந்த ஒரு சிங்கப்பூர் சகோதரர் விசா எடுக்காமலே ஹவாய்க்குப் போய்வந்திருந்தார். அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இணையத்திலே எஸ்டா அனுமதி கிடைக்கும், நம்முடையதற்குக் கிடையாது என்பதை நான் கேட்கவே இல்லை. நமக்கு உள்ள சலுகை அந்தத் தீவுகளோடு முடிந்துவிடுகிறது. ஹவாய்க்கு விசா இருந்தே ஆகவேண்டும். சிஸ்டம் கேட்டது அதைத்தான். அந்தப் பிள்ளைக்கு விளக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நிறுத்தியது சரி.

பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள். விமானம் போய்விட்டது.

எண்ணாகமம் 22-ம் அதிகாரத்தை அன்று ராத்திரி வாசித்தேன். பிலேயாம் மூன்று தரம் கழுதையை அடித்தான், நானும் மூன்று தரம் சத்தம்போட்டேன். கழுதை என்றால் அந்தப் பிள்ளையைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். பாதையில் நின்ற தூதனைக் கண்டது அதுதான். தீர்க்கதரிசி என்று பேர்பெற்றவனுக்குத்தான் கண் தெரியவில்லை. அது விலகியிராவிட்டால் அவன் உயிர் போயிருக்கும்.

அவள் ஏற்றிவிட்டிருந்தால் எங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? குவாமில் நிறுத்தியிருப்பார்கள். திருப்பி அனுப்பினால், பின்னாளில் அமெரிக்க விசா கேட்கும்போதெல்லாம் அதை எழுதவேண்டும். தகுந்த காகிதம் இல்லாதவனை ஏற்றிவந்தால் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், திரும்பக் கொண்டுபோவதும் அவர்கள் தலையில். அந்தப் பயத்தோடுதான் அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்கள் தப்பாய் மறுக்கிற நாட்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்போதும் சூப்பர்வைசரைக் கேட்கலாம், டைமாட்டிக்கைக் காட்டச் சொல்லலாம். பிசாசைத் துரத்தத் தேவையில்லை.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமுக்குப் புறப்படுமுன்னே நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு ராஜாவிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டார். உபவாசித்து அழுது ஜெபித்த அதே மனுஷன்தான் காகிதத்தையும் கேட்டார். நமக்கு முதல் பாதிதான் பிடிக்கிறது.

(குவாமுக்குப் போகிறவர்கள் கவனிக்க: 2024 கடைசியிலிருந்து பழைய பாரம் இல்லை. அதற்குப் பதிலாக இணையத்திலே முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். குறைந்தது ஐந்து நாளைக்கு முன்னே விண்ணப்பியுங்கள்.)

ஹோனலூலுவை விட்டுவிட்டு, மணிலா வழியாய்ப் போய் மணிலா வழியாய்த் திரும்ப டிக்கெட்டை மாற்றினோம். பணம் நஷ்டம்தான். நாலாம் நாள் மறுபடியும் போனபோது அந்தப் பிள்ளை வேறே கவுண்டரில் இருந்தாள். எங்கள் வரிசை சீக்கிரமாய் நகர்ந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த நீள வரிசையில் போய் நின்றேன். கிட்டே போனதும், "மகளே, அன்னிக்கு உன்னைப் பிசாசுன்னு சொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். சிரிக்கவில்லை. கையை நீட்டி, "ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டுங்க" என்றாள். ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து வாசித்தாள். அவள் முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.