கந்தோர்த் தொழிலும் காத்திருப்பும்: ஓர் அறவியல் நோக்கு

உழைப்பு என்பது யாது என்னும் வினாவுக்குத் திருகோணமலைத் துறைமுகக் கரையில் நிற்பவன் எளிதில் விடை கண்டுவிடலாம். சீனக்குடாவில் உள்ள மாவாலைக்குக் கோதுமை கொணர்ந்த கப்பல் காலையில் தாழ்ந்து நிற்கிறது. சரக்கு இறங்க இறங்க அதன் உடல் நீரினின்றும் மேலெழுகின்றது. அங்கு நடந்த வேலையைக் கண்ணால் அளக்கலாம். கரைவலை இழுப்போரின் உழைப்பும் அத்தகையதே. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இழுத்தவரின் உள்ளங்கை அதற்குச் சான்று பகரும். ஆயின் அதே நகரின் கச்சேரிக்குள்ளோ, துறைமுகத்தைச் சார்ந்த ஏதேனும் ஓர் அலுவலகத்துக்குள்ளோ நுழைந்தால் விடை அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. மேசை, கதிரை, கோவைகளின் அடுக்கு, இப்பொழுது ஒரு கணினி; அவற்றின் நடுவே ஒருவர். காலையில் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டவர் மாலையில் எழுந்து செல்லும்போது உலகில் எது மாறியிருக்கிறது? “கதிரையைத் தேய்ப்பவர்” என்ற ஏளனச் சொல் இவ்வினாவிலிருந்தே பிறக்கிறது. ஏளனத்தை நீக்கிவிட்டு நோக்கின் அது ஓர் அறவியல் வினாவாகும். கண்ணுக்குப் புலப்படாத உழைப்பை எக்கோலால் அளப்பது? அதனைச் செய்பவரின் கடமை எங்கே தொடங்குகிறது?

அலுவலகத்தைக் குறிக்க இம்மண்ணில் வழங்கும் சொற்களே ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. ‘கந்தோர்’ ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். நிலப்பதிவைக் குறிக்கும் ‘தோம்பு’ போர்த்துக்கேயர் வழிவந்தது. தமிழ்நாட்டிலே இசையரங்கை நினைவூட்டும் ‘கச்சேரி’, இலங்கையிலே மாவட்ட நிருவாகத்தின் இருப்பிடம். இன்றைய அரச வழக்கிலுள்ள ‘திணைக்களம்’ இவை யாவற்றினும் பழையது. ‘புரவுவரித் திணைக்களம்’ எனச் சோழர் சாசனங்களில் அது வருகின்றது. சோழராட்சிக் காலத்து எழுத்து திருகோணமலை மாவட்டத்திலும் உண்டு. பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற பௌத்தப் பள்ளியின் தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிக்கவும் பிறவற்றுக்கும் அளிக்கப்பட்ட கொடைகளைப் பதிந்துள்ளன. கொடுத்தவர் இல்லை, கொடுக்கப்பட்ட பசுக்கள் இல்லை, விளக்கும் அணைந்துவிட்டது. கணக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. இத்துறைமுகத்தை நாடி வந்த ஆட்சிகள் அதனைப் பீரங்கியாற் பிடித்தன. பிடித்தபின் எழுத்தாலேயே ஆண்டன.

ஆகவே எழுதுவினைஞர் எதையும் ஆக்குவதில்லை என்பது மேலோட்டமான கூற்று. அவர் ஆக்கும் பொருள் இரண்டு: நினைவு, நம்பிக்கை. கப்பலில் வந்த சரக்கு யாருக்குரியது, எவ்வளவு எடை, தீர்வை செலுத்தப்பட்டதா என்பன எழுதப்படாதவரை அது உரிமையாளனற்ற ஒரு குவியலே. தோளிற் சுமப்பவன் அதனைக் கரைசேர்க்கிறான். எழுதுபவன் அதனை ஒருவருக்கு உரியதாக்குகிறான். ஒருவரையொருவர் அறியாத மனிதர் இலட்சக்கணக்கிற் கூடிவாழும் சமுதாயத்தில், காணியும் ஓய்வூதியமும் பிறப்பும் இறப்பும் எழுத்தைச் சார்ந்தே நிலைபெறுகின்றன.

இதனை 1961 ஆம் ஆண்டு நன்கு உணர்த்தியது. 1956 ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தால் எழுந்த மனக்குறையின் விளைவாக, பெப்ரவரி 20 ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது; அது திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய ஏனைய கச்சேரிகளுக்கும் பரவிற்று. படைமுகாமையோ பாராளுமன்றத்தையோ மறிக்காமல் கச்சேரிகளை மறித்தமை கருதத்தக்கது. அரசு மக்களின் அன்றாட வாழ்விலே எங்கு வந்து தொடுகிறதோ அவ்விடம் கச்சேரி மேசையே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏப்ரலில் தமிழரசுக் கட்சி தனக்கெனத் தபாற் சேவை தொடங்கியதும், அரசாங்கம் அவசரகால நிலையைப் பிறப்பித்துப் படையினரைக் கொண்டு சத்தியாக்கிரகத்தை முறியடித்ததும் அவ்வறிவின் இரு பக்கங்கள். பயனற்றது எனக் கருதப்பட்ட மேசைக்காக எவரும் இவ்வளவு போராடியிரார்.

எனினும் மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நோர்த்கோட் பார்க்கின்சன், 1955 இல் எழுதிய கட்டுரையொன்றில் அலுவலகங்கள் வளரும் விதத்தை எள்ளலோடு ஆராய்ந்தார். கிடைக்கும் நேரத்தை நிரப்புமளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்பது அவர் கண்ட விதி. அவர் காட்டிய சான்று திருகோணமலைக்கு அந்நியமானதன்று. அக்காலத்தில் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையின் கணக்கே அது. 1914 இல் 62 ஆக இருந்த பெரும்போர்க் கப்பல்கள் 1928 இல் 20 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கப்பற்றுறைகளின் அலுவலரும் எழுதுவினைஞரும் 3,249 இலிருந்து 4,558 ஆகவும், தலைமையகத்தின் அலுவலர் 2,000 இலிருந்து 3,569 ஆகவும் பெருகினர். கப்பல்கள் குறையக் கோவைகள் கூடின. ஓர் அலுவலருக்கு வேலை மிகும்போது, அவர் தமக்குச் சமமான ஒருவரைக் கேட்பதில்லை. தமக்குக் கீழ் இருவரைக் கேட்கிறார். பின்னர் அவ்விருவரும் ஒருவருக்கொருவர் எழுதும் குறிப்புகளைத் திருத்துவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிடுகிறது. இதில் எவரும் சோம்பியிருக்கவில்லை; எல்லாரும் களைத்தே வீடு செல்கின்றனர்.

அண்மைக் காலத்தில் மானிடவியலாளர் டேவிட் கிரேபர் 2013 இல் ஒரு கட்டுரையிலும் 2018 இல் ஒரு நூலிலும் இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கினார். செய்பவரே தம் மனத்துக்குள் தேவையற்றது என ஒப்புக்கொள்ளும் தொழில்கள் பெருகிவிட்டன என்பது அவர் வாதம். 2015 இல் பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பிலே, தம் தொழில் உலகுக்குப் பொருளுள்ள பங்களிப்பு எதையும் செய்யவில்லை என 37 சதவீதத்தினர் கூறினர். இலங்கையில் இவ்வினாவை நூல் எழுப்பவில்லை, நெருக்கடி எழுப்பியது. 2022 ஜூனில் எரிபொருள் இன்றி நாடு தத்தளித்தபோது, அத்தியாவசிய சேவைகள் நீங்கலாக, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் கூறிற்று. ஒரு நாள் மூடினாலும் குடிமுழுகாது என்று அரசே கருதுமாயின், மற்ற நான்கு நாள்களும் எதற்கு எனப் பலர் கேட்டனர்.

இக்கேள்வி நியாயமானதாகத் தோன்றினும் அது தவறான இடத்திலிருந்து கேட்கப்படுகிறது. பார்க்கின்சன் அலுவலரை எண்ணினார். கிரேபர் அலுவலரின் மனச்சாட்சியை வினவினார். இருவர் நோக்கிலும் மேசைக்கு ஒரு பக்கமே புலனாகிறது. மேசைக்கு அப்பால் வேறொருவர் இருக்கிறார். அலுவலகத்தின் ஒவ்வொரு நாளையும் இருவர் கழிக்கின்றனர்: ஒருவர் இருப்பவர், மற்றவர் காத்திருப்பவர். எழுதுவினைஞர் பகல் முழுவதும் என்ன செய்கிறார் என்பதை அவரைப் பார்த்து அறிய முடியாது. வெளியே வாங்கில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தே அறியமுடியும். மும்முரமாக எழுதிக்கொண்டே ஒருவர் எப்பயனும் விளைக்காதிருக்கலாம். நாளெல்லாம் கைகட்டியிருந்துவிட்டு, நான்கு மணிக்கு இட்ட ஓர் ஒப்பத்தால் ஒரு குடும்பத்தைக் கரையேற்றிவிடவும் கூடும். ஓய்ந்திருத்தல் அன்று கந்தோரின் குற்றம்; பிறரைக் காத்திருக்கச் செய்தலே குற்றம்.

காத்திருப்பின் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையில் நீரைக் கடந்தே திருகோணமலை நகருக்கு வந்தனர். மூதூரிலிருந்து வந்தோர் கொட்டியாரக்குடாவைப் படகிற் கடந்தனர். அத்தகைய ஒருவரிடம் “நாளைக்கு வாருங்கள்” என்று கூறப்படும்போது, சொல்பவர்க்கு அது இரண்டு சொல். கேட்பவர்க்கு ஒரு நாட்கூலி, படகுக் கட்டணம், மறுநாள் வயலுக்கோ கடலுக்கோ போகாத இழப்பு. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் தம் நிலத்துக்குத் திரும்ப 2015 ஆம் ஆண்டுவரை காத்திருந்தனர். அத்தாமதத்தின் காரணங்கள் எழுதுவினைஞரின் மேசைக்கு மிகமேலே இருந்தன என்பது உண்மை. ஆயின் ஒன்பதாண்டு முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தவர்க்கு அரசு என்பது படிவமாகவும் முத்திரையாகவும் “இன்னும் பதில் வரவில்லை” என்னும் விடையாகவுமே காட்சியளித்தது.

தாமதம் ஏன் இத்துணை எளிதாகிறது? ஊழியரின் தீயெண்ணமே காரணம் எனல் பொருந்தாது. தவறுக்கு ஒப்பம் உண்டு. தாமதத்துக்கு ஒப்பம் இல்லை. பிழையான ஆவணத்தில் கையெழுத்திட்டவரைக் கணக்காய்வாளர் பத்தாண்டு கழித்தும் கண்டுபிடித்துவிடலாம். கோவையைப் பத்து மாதம் வைத்திருந்தவரை எவரும் கண்டுபிடிப்பதில்லை. ஏனெனில் அங்கே கண்டுபிடிக்கத்தக்கதாக எதுவும் எழுதப்பட்டிருக்காது. எனவே அச்சமுள்ள நேர்மையாளர்கூட ஒன்றும் செய்யாதிருப்பதையே பாதுகாப்பாகக் கொள்கிறார். திருட்டையும் கைக்கூலியையும் அறவுரைகள் கண்டித்த அளவுக்குத் தாமதத்தைக் கண்டித்ததில்லை. ஒருவன் பணத்தை எடுத்தல் களவெனின், அவன் வாழ்நாளில் ஒரு நாளை எடுத்தல் யாது?

இவ்வினா எங்கு மிகக் கனக்கிறது என்பதை மரணப் பதிவு காட்டும். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரையையும் அழித்தது. உடல் கிடைக்காதவர் இறந்தாரெனக் கொள்ளச் சாதாரணச் சான்றுச் சட்டம் ஏழாண்டு எதிர்பார்த்தது; 2005 இல் இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டம் அக்காத்திருப்பைச் சுருக்கிற்று. அங்கே விரைவு கருணையாயிற்று. கடலுக்குக் கணவனைப் பறிகொடுத்தவள் உதவிப்பணம் பெறவும் காணியைத் தன் பெயருக்கு மாற்றவும் அத்தாள் தேவைப்பட்டது. போரிலே காணாமற் போனோர்க்கும் 2010 இல் அதனையொத்த சட்டம் வந்தது. ஆனால் மகனைத் தேடும் தாய்மார் பலர் அதே தாளைப் பெற மறுத்தனர். இறந்தான் என்று எவரும் காட்டாதபோது, இறந்தான் எனத் தாயே ஒப்பமிடுவது எவ்வாறு? 2016 ஆம் ஆண்டின் திருத்தம், இறந்தார் என்று கூறாமல் காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழிசெய்தது. ஒரு சொல்லின் வேறுபாடே. ஆயின் அந்தச் சொல்லுக்குள் ஒரு தாயின் உண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. இவ்விரு படிவங்களுள் எதனை மேசையின்மீது வைக்கிறார், எக்குரலில் விளக்குகிறார், “இதை நிரப்பினால் அலுவல் முடிந்துவிடும்” என்று அவசரப்படுத்துகிறாரா என்பன எழுதுவினைஞரின் கையிலுள்ளன. ஆழிப்பேரலையிற் கணவனை இழந்தவளுக்கு விரைவு கருணையாயின், இத்தாய்க்கு விரைவே கொடுமையாகிவிடக்கூடும். ஆகவே காத்திருப்போரைக் காணுதல் என்பது விரைந்து முடித்தல் மட்டுமன்று. யார், எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை அறிதலுமாகும்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அலுவலர் விருப்பு வெறுப்பின்றி விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவர். ஆளைப் பார்க்கத் தொடங்கினால் சலுகையும் செல்வாக்கும் நுழைந்துவிடும் என்பர். சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் பணித்துறை ஆட்சியின் சிறப்பாகக் கண்டதும் இவ்வாள்பாராமையையே. மூன்று இனத்தாரும் வாழும் ஒரு மாவட்டத்தில் இத்தடை வலுவுடையது. முகம் பார்த்து முத்திரை குத்தும் கச்சேரியை எவரும் விரும்பார். ஆயின் ஆள்பாராமை வேறு, ஆளைக் காணாமை வேறு. முன்னது எல்லார்க்கும் ஒரே விதி என்பது. பின்னது விதிக்கு அப்பால் எவரும் இல்லை என்பது. வந்தவர் தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்து மருளும்போது, அதனை அவர் மொழியில் எடுத்துரைத்தல் சலுகையாகாது. தமிழும் ஆட்சிமொழி என 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டபின் அது விதியே ஆயிற்று. விதி நூலில் இருப்பினும் மேசையிற்றான் உயிர்பெற வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடை: எழுதுவினைஞர் சங்கிலியின் ஒரு கண்ணியே, மேலிடத்தில் கிடக்கும் கோவைக்கு அவர் பொறுப்பாவது எங்ஙனம்? முழுப்பொறுப்பு அவர்க்கில்லை. ஆயின் பொறுப்பு முழுமையாக இல்லாமையினால் அது முழுமையாக நீங்கிவிடாது. கோவை எங்கே இருக்கிறது, எப்போது வரக்கூடும், வீணாக வரவேண்டிய நாள் எது என்னும் மூன்றையும் உண்மையாகக் கூற எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. முடியாது என்பதைக்கூட முதல்நாளே சொல்லிவிடின், வந்தவர் தம் நாள்களைத் தாமே ஆளும் உரிமையைத் திரும்பப் பெறுகிறார்.

1968 இல் அமெரிக்காவில் தட்டிகளால் வகுத்த அலுவலக அறைகள் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவின. பக்கத்து மேசைக்காரரின் பார்வையிலிருந்து ஊழியரைக் காப்பது அத்தட்டியின் பயன். கச்சேரியின் தட்டி அதனினும் பழையது. காத்திருப்பவரின் பார்வையிலிருந்து அது காக்கிறது. கணினியும் இணையவழி விண்ணப்பமும் அத்தட்டியை நீக்கலாம்; அன்றேல் இன்னும் உயர்த்திவிடலாம். வாங்கில் இருப்பவர் கண்ணிற்படாது போனால் காத்திருப்பு ஒழிந்துவிட்டது என்று கருவி நம்பவைக்கும்.

தொகுத்து நோக்குமிடத்து, அலுவலகத் தொழிலின் மதிப்பு இருந்த மணிகளிலோ எழுதிய தாள்களிலோ இல்லை என்பது பெறப்படும். கரையிலே சரக்கு இறங்க இறங்கக் கப்பல் உயர்வதுபோல, கந்தோரில் நடந்த வேலைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. மாலையில் கதவு மூடப்படும்போது, காலையில் வந்தவருள் எத்தனை பேர் மீண்டும் வரவேண்டியதில்லாமற் சென்றனர் என்பதே அது. பெரியகுளத்துக் கல்லில் எழுதியவன் யாரென்பது இன்று தெரியாது. அவன் அன்று எவரைக் காக்கவைத்தான் என்பதும் கல்லில் இல்லை. எழுத்து எஞ்சுகிறது, காத்திருப்பு எஞ்சுவதில்லை. எஞ்சாத அதனைக் கணக்கில் வைப்பது, அதனைக் கண்ணாற் காணக்கூடிய ஒரேயொருவரின், மேசைக்கு இப்பால் இருப்பவரின், கடமையாகின்றது.